தாய்மாமன் மடியும் அன்னக்கூடையும்

கவரைப்பேட்டை,
20-6-1974

கரை காணாமல் கப்பலில் சோறாக்கிக்கொண்டிருக்கும் மச்சான் பூவராகவன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் துளசிராமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை கன்னியம்மா சுகம், குழந்தை பச்சையம்மா இரட்டிப்புச் சுகம், நான் மட்டும் அரைச் சுகம். மீதி அரை எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் பக்கத்து வீட்டுக் கோபாலின் வாடகைக் காரில் திருவள்ளூருக்குப் போனபோது எருமை குறுக்கே வந்து, அவன் பிரேக் போட்டு, என் மடியிலிருந்த குழந்தை முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டதை எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு நீங்கள் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு படத்தைக் கிழித்து அனுப்பினீர்கள். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை காருக்குள் தனி நாற்காலியில் வார் போட்டுக் கட்டப்பட்டு மந்திரி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "இப்படி ஒரு பத்திரமான சீட்டு பார்க்காமல் குழந்தையைப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் காரில் ஏற்றாதீர்கள். ஆடியில் எனக்கு லீவு இல்லை. காதுகுத்துக்குப் பெரியப்பா மகன் ராஜவேலு மடியில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே மூச்சில் இரண்டு உத்தரவு போட்டிருந்தீர்கள். இரண்டாவதற்குப் பிறகு வருகிறேன். முதல் உத்தரவே என்னைப் பிழிந்து காயப்போட்டுவிட்டது.

முதலில் சைக்கிள் கடையில் பிரம்பு சீட்டு வாங்கினேன், குழந்தை சுலபமாக உள்ளே போனாள், வெளியே வரத்தான் மறுத்துவிட்டாள், கால் இரண்டும் ஓட்டையில் மாட்டிக்கொண்டு அவள் அலற, கடைக்காரர் வந்து தான் விற்ற சரக்கைத் தானே அறுத்துப் பிள்ளையை மீட்டார். அடுத்து, முடிவெட்டும் கடையில் சின்னப் பிள்ளைகளுக்காக நாற்காலிக் கைகளின்மேல் குறுக்கே போடுவார்களே ஒரு பலகை, அதை இரவல் கேட்டு வாங்கிக் காரில் போட்டேன். அதில் உட்கார்ந்ததும் அவளுக்குக் கத்திரிக்கோல் ஞாபகம் வந்துவிட்டது. போட்ட சத்தத்தில் எதிரே ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களெல்லாம் ஓடிவந்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். கன்னியம்மா வந்து, "இது எங்க ஊட்டுக்காரருதாம்மா, இன்னா பண்றது!" என்று சொல்லி மீட்டாள். அந்த "இன்னா பண்றது" தேவையே இல்லை.

கடைசியில் யோசனை சொன்னதும் அவள்தான். உங்கள் வீட்டுச் சீராக வந்த பெரிய மூங்கில் அன்னக்கூடையைப் பின்சீட்டில் வைத்து, பழைய புடவையை முறுக்கிக் கட்டினோம். கச்சிதமாக இருந்தது. ஆனால் பரீட்சைக்குப் பெற்ற பிள்ளையையா வைப்பது? குழந்தையைத் தூக்கிக்கொண்டு காய்கறி மண்டிக்குப் போய், தராசில் ஒரு தட்டில் அவளையும் மறுதட்டில் வெள்ளைப் பூசணிக்காயையும் வைத்து, சரியான எடைக்கு ஒரு காய் பொறுக்கினேன். மண்டிக்காரர், "கொயந்த இன்னா வெல நைனா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிச்சு எங்கே விழவேண்டும் என்று பார்ப்பதற்காகப் பூசணிக்காய்க்குக் குழந்தையின் சிவப்புக் கவுனை மாட்டிக் கூடையில் உட்காரவைத்துவிட்டு, இன்னொரு கயிறு எடுக்க வீட்டுக்குள் போனேன். விதி, அந்த நேரம் பார்த்துக் கோபால் வெளியே வந்திருக்கிறான்.

அம்மன் கோயிலுக்குப் போகிற கார், அதற்குள் வெள்ளைப் பூசணிக்காய், அதற்குக் குழந்தையின் துணி. அவன் என்ன நினைப்பான்? திருஷ்டி கழிக்கத்தான் எடுத்துவைத்திருக்கிறோம் என்று நினைத்து, பக்தியோடு காயில் துளைபோட்டுக் குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, காரைச் சுற்றிவந்து நடுரோட்டில் போட்டு உடைத்துவிட்டான். தண்ணீர்க் குடத்தோடு வந்த கன்னியம்மா பார்த்தது, ரோட்டில் சிவப்புக் கவுனும் சிவப்புச் சிதறலும்தான். குடம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், உடைந்த பூசணிக்காயை ரோட்டில் எப்படி மறைப்பது? "சார், திருஷ்டிக்கு இல்லியா அது? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? பேஜாரா பூட்ச்சே!" என்று கோபால் என்னைத்தான் கடிந்துகொண்டான். பச்சையம்மாவோ கட்டிலுக்கடியில் வெல்லம் தின்றுகொண்டிருந்தாள்.

குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு கன்னியம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். அது வழக்கம், எனக்கு வலிக்கவில்லை. பிறகு அழ ஆரம்பித்தாள். "கூடயாம், பலகயாம்! எங்கண்ணன் வந்து மடியில வெச்சிக்கினா இந்தப் பாடு உண்டாய்யா? பொறந்ததுலேர்ந்து ஒரு தபா பாத்துக்கீதா எம்புள்ளய? காதுகுத்துக்குக்கூட வரலன்னா அது இன்னா தாய்மாமன்?" என்றாள். மச்சான், அவள் பூசணிக்காய்க்காக அழவில்லை.

ஆகவே இரண்டாவது உத்தரவுக்குப் பதில்: முடியாது. ராஜவேலு நல்ல பையன், ஆனால் அவன் மடி முருங்கைக் கிளை, அதில் பிள்ளையை வைக்க மாட்டேன். காதுகுத்துக்கும் சரி, கார் சவாரிக்கும் சரி, உலகத்திலேயே பத்திரமான சீட்டு தாய்மாமன் மடிதான். போன மாதம் மூக்கு இடித்ததும் ஒரு மடியிலிருந்துதானே என்று கேட்பீர்கள். அது என் மடி. அப்பன் மடி வேறு, மாமன் மடி வேறு. சங்கிலி, மோதிரம், தட்டு வரிசை எதுவும் கேட்கவில்லை. மடியை மட்டும் கொண்டுவாருங்கள். கப்பலில் வேறு யாரும் சோறு பொங்க மாட்டார்களா?

பவானி அம்மன் உங்களையும் உங்கள் கப்பலையும் காக்கட்டும். கன்னியம்மா இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறாள், ஆனால் வேளைக்குச் சாப்பிடச் சொல்லி எழுதச் சொன்னாள். குழந்தை உங்கள் படத்துக்கு முத்தம் கொடுத்தாள், வெல்ல வாயோடு.

என்றும் அன்பு மாறாத,
துளசிராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு விபரீதம். வண்டியில் கட்டியிருந்த அன்னக்கூடையில் பச்சையம்மா தானாகவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். "இது என் ஊடு" என்கிறாள். நான் மடியைக் காட்டினேன், அவள் அம்மா காட்டினாள், வழியில் போன ராஜவேலு வேறு வந்து காட்டினான். எவர் மடியும் வேண்டாமாம். சரியென்று எல்லோரும் ஏறி ரயில்வே கேட் வரை போனோம். அங்கே கோபால் வேண்டுமென்றே பிரேக் போட்டான். எனக்கு நெற்றியில் அடி, கன்னியம்மாவுக்கு முழங்கையில் அடி, குழந்தை மட்டும் அசையாமல் இருந்து சிரித்தாள். ஆகையால் மடியைப் பற்றி மேலே எழுதியது முழுக்கத் தப்பு, நீங்கள் சொன்ன சீட்டுதான் சரி. அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். காதுகுத்தும் கூடையில்தான் என்று பிள்ளை அடம்பிடிக்கிறாள். "கூடையோட தூக்கி எங்கண்ணன் மடியில வெச்சிட்டா முட்ஞ்சிது, அதுக்காவது வரச் சொல்லு" என்கிறாள் உங்கள் தங்கை. அப்படியே வரும் வழியில் இன்னொரு அன்னக்கூடை வாங்கி வாருங்கள். விருந்துக்குச் சோறு கொட்ட வீட்டில் வேறு கூடை இல்லை.