கோவிலம்பாக்கத்தில் போர் முடிந்த விதம்

தமிழ்நாட்டிலேயே கட்சிக் கூட்டத்தில் போட்ட தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் கோவிலம்பாக்கத்தில் பஜ்ஜி வண்டி வைத்திருந்தார். இதை மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம். நான் பல வருஷம் கிளைச் செயலாளராக இருந்தவன். எத்தனையோ தீர்மானங்களைக் கைதட்டி நிறைவேற்றிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடும்போதே மறந்திருக்கிறேன்.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் தன் கட்சி என்றுதான் நினைப்பார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் நான் எதையும் ஆரம்பித்ததில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதும்போதுகூடச் சொல்வேன். ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் விடுதலை செய்துகொண்டோம். அப்புறம் வெல்டிங் ராடு பிடித்தேன். இன்று திருமுடிவாக்கத்தில் சொந்தப் பட்டறை. தாம்பரம் வரைக்கும் நீங்கள் பார்க்கிற நல்ல இரும்பு கேட்டெல்லாம் நான் செய்தது. சத்தம் போடுகிற கேட்டெல்லாம் வேறு ஆள் செய்தது என்று சொல்லிவருகிறேன்.

அந்தப் பஜ்ஜிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தீர்மானம்’. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் பார்த்ததில்லை.

ஒரு முறை அந்நியக் குளிர்பானங்களைப் புறக்கணிப்போம் என்று தீர்மானம் போட்டோம். போட்டவுடன் எல்லோர் கையிலும் அந்தக் குளிர்பானத்தையே கொடுத்தோம், வெயில் அப்படி. தீர்மானம் மட்டும் திறந்த பாட்டிலை மறுபடி மூடி, கீழே வைத்துவிட்டார். அடுத்த மாதம் அவர் அக்கா மகள் கல்யாணம். மண்டப வாசலில் நின்று பாட்டில் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மோர் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்றுவரை அவருடன் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொரு முறை, உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒரு மரம் என்று தீர்மானம். நாங்கள் ஒரே கன்றை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் என் கேட்டுக்கு நேரே ஒரு பாதாம் கன்று நிற்கிறது. பக்கத்தில் தீர்மானம், கையில் மண்வெட்டி.

“இன்னாய்யா இது?”

“நீங்க மறந்துட்டீங்கண்ணா. அதான் நானே வெச்சுட்டேன்.”

அந்தக் கன்று இப்போது மரம். காரை வெளியே எடுக்க நான் முன்னும் பின்னுமாகப் படுகிற பாட்டைத் தெருவே நின்று ரசிக்கிறது.

இப்படி இருக்கும்போது எங்கேயோ இரண்டு நாடுகளுக்குள் போர் வந்தது. எங்கள் கிளையில் அந்த நாடுகளின் பெயரைப் பல்லில் சிக்காமல் சொல்லத் தெரிந்தவர் ஜெபராஜ் சார் ஒருவர்தான். ரிடையரான புவியியல் ஆசிரியர். அட்லஸைக் கொண்டுவந்து விரல் வைத்துக் காட்டினார். நமக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒரு கடல், அதைத் தாண்டி ஒரு பாலைவனம். ஆனால் அங்கே குண்டு விழ விழ இங்கே எண்ணெய் டின் ஏறியது, கமர்ஷியல் சிலிண்டர் ஏறியது, என் பட்டறைக்கு வருகிற இரும்பும் ஏறியது.

கட்சி சும்மா இருக்குமா? என் வீட்டு கார் ஷெட்டில் கூட்டம் போட்டு, விலைவாசி உயர்வை வன்மையாகக் கண்டித்தோம். பின்வரிசையில் தீர்மானம் எழுந்தார்.

“கண்டிச்சாச்சு, சரிண்ணா. நம்மாளுங்க இன்னா பண்ணணும்னு அதுல ஒண்ணுமே இல்லியே?”

“நாம இன்னாய்யா பண்றது? கண்டிக்கிறதுதான்.”

“ஊரையெல்லாம் கண்டிச்சுட்டு நாமளே வெலைய ஏத்துனா அசிங்கமா கீதுண்ணா. போர் முடியிற வரைக்கும் நம்ம கிளையில எவனும் வெலை ஏத்தக் கூடாதுன்னு போடுங்க.”

அதே நேரத்தில் அவர் வண்டியிலிருந்தே சூடாகப் பஜ்ஜித் தட்டு வந்து சேர்ந்தது. ஒரு கையால் எடுத்துக்கொண்டே, “ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது” என்றேன். வாயில் பஜ்ஜி இருந்ததால் கொஞ்சம் கம்பீரம் குறைந்திருக்கலாம்.

மறுநாள் காலை நான் ஒரு கேட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டு, வந்தவர் தண்ணீர் கேட்டார். டீக்கடை உறுப்பினர் ஏற்றினார், இஸ்திரி உறுப்பினர் ஏற்றினார், ஆட்டோ உறுப்பினர் எப்போதும்போல ஏற்றினார். பஜ்ஜி மட்டும் பழைய விலை.

முதலில் வாழைக்காயை மெல்லிசாகச் சீவிப் பார்த்தார். அந்தச் சீவலைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் எதிரே வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியும். இரண்டு நாளில் அதையும் விட்டுவிட்டார். அளவைக் குறைப்பதும் விலை ஏற்றுவதும் ஒன்றுதானாம். மறுபடி பழைய கனம், பழைய விலை. வண்டியைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். ஒவ்வொரு பஜ்ஜிக்கும் அவருக்கு நஷ்டம். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகப் போக மனிதர் மெலிந்துகொண்டே போனார்.

ஒரு நாள் அவர் சம்சாரம் வசந்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

“அண்ணா, இந்தப் போர் எப்போ முடியும்னு கட்சியில கேட்டுச் சொல்லுங்க.”

“அது எப்படிம்மா எங்களுக்குத் தெரியும்?”

“தெரியாதுன்னா எதுக்குத் தீர்மானம் போட்டீங்க? கம்மலைக் கழட்டியாச்சு. பழைய வண்டி வாங்குற மேடவாக்கத்துக்காரன் ஒருத்தன் வந்து வண்டியப் பார்த்து வெலை பேசிட்டுப் போயிருக்கான். ஞாயித்துக்கெழம வந்து தள்ளிக்கினு போறேன்னு சொல்லிட்டான். வண்டி போச்சுன்னா அந்தாளுக்கு வேற என்னா தெரியும்? உங்க கூட்டத்துல கைதட்டத் தெரியும்!”

ஓடினேன். வண்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

“யோவ், ரெண்டு ரூபா ஏத்துய்யா.”

“போர் முடிஞ்சுச்சாண்ணா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“எல்லாரும் ஏத்திட்டாங்கய்யா. நானே ஏத்திட்டேன்!”

“உங்களுக்கு ஞாபக மறதிண்ணா. அதுக்கு நான் இன்னா பண்றது?” என்று எனக்கு ஒரு பஜ்ஜியை எடுத்து நீட்டினார். சூடு. அவமானத்தோடு சேர்த்து அதையும் விழுங்கினேன்.

சரி, போட்ட தீர்மானத்தை நாமே ரத்து செய்துவிடலாம் என்று சனிக்கிழமை மாலை அவசரக் கூட்டம் கூட்டினேன். அங்கேதான் கட்சி உடைந்தது. பொருள் விற்கிறவர்களெல்லாம் ஒரு பக்கம், ரத்து செய் என்றார்கள். பஜ்ஜி தின்கிறவர்களெல்லாம் மறுபக்கம், செய்யாதே என்றார்கள். இதை இப்படிச் சொல்ல இரண்டு தரப்புக்கும் வெட்கம். அதனால் வெளிநாட்டு விவகாரமாகப் பேசினார்கள். விற்கிறவர்கள் போரை ஆரம்பித்தது அந்த நாடு என்றார்கள். தின்கிறவர்கள் இந்த நாடு என்றார்கள். ஒரு கட்டத்தில் அட்லஸ் பறந்தது. பிறகு நாற்காலி பறந்தது. நாற்காலி என் சொந்தக் காசில் வாங்கியது.

தின்கிற அணிக்குத் தலைவர் ஜெபராஜ் சார். பென்ஷன்காரர், தினமும் மாலையில் நான்கு பஜ்ஜி.

“பிரின்சிபிள்னு ஒண்ணு இருக்கு சார்!” என்றார் என்னைப் பார்த்து. “விலைவாசிக் கண்டனத்தை ரத்து பண்ணின செயலாளர்னு மாவட்டத்துக்கு எழுதுவேன். அப்புறம் உங்களுக்கு கவுன்சிலர் சீட் எப்படி வருதுன்னு பார்க்கலாம்.”

கவுன்சிலர் சீட்டுக்காக ஊரிலுள்ள பாதிப் பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தேன். ரத்து செய்தால் சீட் போகும். செய்யாவிட்டால் விடிந்ததும் வண்டி போகும். பின்வரிசையில் தீர்மானம் உட்கார்ந்திருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்நாளில் தானாக வந்த யோசனை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் மனைவி சொன்னது. மைக்கைப் பிடித்தேன்.

“கோவிலம்பாக்கம் கிளையைப் பொறுத்தவரை, இந்தப் போர் இன்று மாலையோடு முடிவடைந்தது என்று இந்தக் கூட்டம் தீர்மானிக்கிறது!”

“நான்சென்ஸ்!” என்று ஜெபராஜ் சார் குதித்தார். “டிவியில குண்டு விழுந்துகிட்டிருக்கு சார்!”

“அது டிவியில. இது கிளையில.”

விற்கிறவர்கள் கை தூக்கினார்கள். தின்கிறவர்கள் கூச்சல் போட்டார்கள். தீர்மானம் மட்டும் கையைத் தூக்காமல் எழுந்து நின்றார். தொலைந்தோம், இந்த ஆள் இதையும் நம்பமாட்டார் என்று நினைத்தேன்.

“அண்ணா, போர் முடிஞ்சதுன்னா மொதல்ல செத்தவங்களுக்கு ஒரு நிமிசம் நிக்கணும் இல்ல?”

இத்தனை கூட்டத்தில் எண்ணெயைப் பேசினோம், சிலிண்டரைப் பேசினோம், இரும்பைப் பேசினோம். செத்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொருவராக எழுந்தோம். ஜெபராஜ் சாரும் எழுந்தார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு. பக்கத்து வீட்டு மிக்ஸிகூட அந்த நேரம் பார்த்து நின்றது.

உட்கார்ந்ததும் தீர்மானம் தன் கையைத் தூக்கினார். நான் நிறைவேற்றிவிட்டேன்.

விடிந்ததும் மேடவாக்கத்துக்காரன் வண்டியைத் தள்ள வந்தான். “போர் முடிஞ்சிடுச்சுப்பா, நீ கெளம்பு” என்று வசந்தா அனுப்பிவிட்டது. அன்று மாலை பஜ்ஜி விலை ஏறியது. அதன் பிறகு வண்டிப் பக்கத்தில் யாராவது பேப்பரை விரித்துப் போர் என்று ஆரம்பித்தால், “அது முடிஞ்சுபோச்சு சார், சட்னி வேணுமா?” என்பார்.

ஜெபராஜ் சார் தன் ஆட்களோடு பிரிந்துபோய்த் தனிக் கிளை வைத்தார். அவர்களைப் பொறுத்தவரை போர் தொடர்ந்தது. ஒரே தெருவில் இந்தப் பக்கம் சமாதானம், அந்தப் பக்கம் சண்டை. ஆனாலும் சார் மாலையில் வந்துவிடுவார். “என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிட்டுதான் சாப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு நான்கு பஜ்ஜி தின்பார், புது விலையில்.

மாவட்டத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. “போரை முடிக்கச் சொல்லி உன்கிட்ட யாருய்யா சொன்னது? தலைமையே இன்னும் ஒண்ணும் சொல்லலையே!” சீட் வேறொருவருக்குப் போனது. ஊர் பூராவும் பொன்னாடை மட்டும் மிச்சம்.

பல மாதம் கழித்து நிஜமாகவே அந்த இரண்டு நாடுகளும் சண்டையை நிறுத்தின. அன்று மாலை தீர்மானம் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தார். பாதாம் மரத்தடியில் நின்று, மூச்சு வாங்கச் சொன்னார்:

“கேட்டீங்களாண்ணா? கடைசியில அவங்களும் நம்ம தீர்மானத்துக்கு வந்துட்டாங்க!”

அன்று நான் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம்.

இப்போது அவர் மகள் வீட்டோடு மறைமலை நகர் போய்விட்டார், வண்டியோடு. எனக்கு இன்னும் அங்கங்கே மைக் கிடைக்கிறது. மைக்கைப் பிடித்ததும் கண் தானாகப் பின்வரிசைக்குப் போகிறது. நான் சொல்வதை அப்படியே நம்பிக் கேட்க அந்த ஒருவர் அங்கே இல்லையென்று தெரிந்ததும், ஏனோ பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.