பணம் கட்டாமல் வளர்ந்த பனி

வானத்தில் கேட்பாரற்றுச் சுற்றிக்கொண்டிருந்த கிரகங்களுக்கு, பாவம், கடைசியில் ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. மூடிப்போன மெத்தைக் கடையின் அடித்தளம். அங்கே நேரம் வாங்கிக்கொண்டு போனால் சனியும் செவ்வாயும் நேரில் வந்து நிற்குமாம். வரிசை தெருமுனை தாண்டி வங்கி வாசல் வரை வளைந்து கிடந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் படித்தவர்கள்தான். அவர்களுக்குத்தானே முன்பதிவு செய்யத் தெரியும்!

கிரகங்களை வரவழைப்பவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் அண்டதரிசி. ஊர் வைத்த பெயர் உருண்டையார். கூடத்தின் நடுவே கூரையிலிருந்து ஆளுயர வெள்ளை உருண்டை ஒன்று தொங்கியது. இழுத்து மூடிய ஓர் அறிவியல் கண்காட்சியிலிருந்து அதை அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தார். நாலு மூலையிலும் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் புரொஜெக்டர். விளக்கை அணைத்தால் நாலா பக்கமிருந்தும் படம் விழும், வெறும் உருண்டை வியாழனாகிச் சுழலும். பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுத்த படம் அது. பிள்ளைகள் கொட்டாவி விட்டுப் பார்த்ததைப் பெரியவர்கள் இப்போது கண்ணீர் விட்டுப் பார்த்தார்கள்.

"இது படமில்ல. மெஷினில்ல. வானமே நேரா இறங்குது. இதை நிறுத்த மனுஷக் கையால முடியாது" என்றுதான் உருண்டையார் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்கா. அவளுக்குக் கிரகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்கை புருஷனைப் பற்றித்தான் கவலை. இதயத்தில் வால்வு மாற்றிய மனுஷன். ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை போட்டாக வேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உருண்டையார் வேறு மாதிரி சொன்னார். மாத்திரை உஷ்ணம், அதுதான் உங்கள் ஆயுளான பனியைத் தின்கிறது, நிறுத்துங்கள் என்றார். தங்கை முந்தாநாளே நிறுத்திவிட்டாள். அக்கா கெஞ்சினாள், திட்டினாள். நீயே ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் பேசு என்று தங்கை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளையோ பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாத பிராணி. அவரும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார்.

கிரகங்கள் போய்ப் பூமி வந்தது. உச்சியில் வெள்ளை வெளேரென்று பனி. அதுதான் உங்கள் குடும்பத்தின் ஆயுள் என்றார் உருண்டையார். அத்தனை பேர் குடும்பத்துக்கும் ஒரே பனி எப்படி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பனி ஓரத்திலிருந்து கரைந்தது. சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. உடனே கதவு திறந்தது. ஆட்கள் வந்து எழுந்திருங்க, எழுந்திருங்க என்று விரட்டினார்கள். வெளியே போய்ப் பரிகாரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டியவர்களுக்குச் சாயங்காலம் தனிக்காட்சி. அதில் பனி வளருமாம்.

தங்கை வளையலைக் கழற்றிக்கொண்டே எழுந்தாள். அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நல்லது கெட்டது சொல்கிற இடத்தில், சரியாகப் பனி குறைந்த நேரம் பார்த்து எதற்கு இந்த விரட்டு?

"நான் எந்திரிக்கல. பணமும் கட்டல. மிச்சத்தையும் பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

உருண்டையார் முகம் சுண்டியது. பரிகாரம் செய்யாதவர் மேற்கொண்டு பார்த்தால் பனி முழுக்க அழியும், ஓர் உயிர் போகும் என்று குரலை உயர்த்தினார். தங்கை பயந்துபோய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அசையவில்லை. உருண்டையார் திரைப்பக்கம் கண்ஜாடை காட்டியதை அவள் கவனித்துவிட்டாள்.

"மனுஷக் கையால நிறுத்த முடியாதுன்னு இவர்தான் சொன்னாரு. இப்ப நின்னுச்சுன்னா, நிறுத்தின கை யாருதுன்னு தேடுவோம்."

போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். உயிர் போவதை வேடிக்கை பார்க்க நம் ஜனங்களுக்கு அழைப்பா வேண்டும்? திரைக்குப் பின்னால் இருந்தவனுக்குக் கைவைக்கத் தைரியம் வரவில்லை.

உள்ளங்கை அளவு பனி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஓரம் வெளுத்தது. அகலமானது. உச்சி முழுக்கப் படர்ந்தது. பிறகு மறுபடி கரைந்தது, மறுபடி வளர்ந்தது. கோடையில் உருகிக் குளிரில் உறைகிற சாதாரணப் பனி. அதற்குப் பரிகாரமும் தெரியாது, வளையலும் தெரியாது.

அந்த அம்மாவின் பக்தியால்தான் வளர்ந்தது என்று உருண்டையார் சமாளித்தார்.

"நான் உங்களைத் திட்டிக்கிட்டேதானய்யா உக்காந்திருந்தேன்" என்றாள் அக்கா.

முன்வரிசையில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருந்தார். எல்லாரையும்விட அதிகம் கட்டியவர் அவர்தான். தனிக்காட்சியில் தனக்கென்று வளர்ந்த பனியும் இதே வடிவம்தான் என்று முணுமுணுத்தபடி எழுந்து போய்த் திரையைப் பிடித்து இழுத்தார். புரொஜெக்டர் தெரிந்தது, அதன் பக்கத்தில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். வானம் இறங்கிய லட்சணம் அவ்வளவுதான். பணத்தைக் கீழே வை என்று கூட்டம் உருண்டையாரைச் சூழ்ந்துகொண்டது.

படம் பாட்டுக்கு ஓடியது. ஒவ்வொரு கோடைக்கும் பனி முந்தின கோடையைவிடக் குறைந்துகொண்டே வந்தது. அந்த உருண்டை சொல்ல வந்த உண்மை அது ஒன்றுதான். அதைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

மாப்பிள்ளை மெல்லக் கையை நீட்டினார். "என் மாத்திரை எங்க?"

வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் தங்கை அழுதாள். "அழுகையை வண்டியில வச்சுக்க. நேரா டாக்டர்கிட்டப் போறோம்" என்று அக்கா இருவரையும் கிளப்பினாள். கோபத்தை மீறி அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

வாசலில் ஒரு பெண் ஓடி வந்து வழிமறித்தாள். நல்ல உடை, கையில் மடிக்கணினிப் பை.

"அக்கா, இவர் போலின்னு தெரிஞ்சுபோச்சு. உண்மையான உருண்டை வேற எங்கயாவது இருக்கா?"

"இருக்கும்மா. கழுத்துக்கு மேல. அதையும் வாடகைக்கு விட்டுடாம, நீயே கொஞ்சம் உபயோகிச்சுப் பாரு."