சகலை வீட்டுச் சுவரில் ஒரு கோட்டு

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாம் சுகம், என் வயிற்றைத் தவிர. அது எரிந்துகொண்டிருக்கிறது.

சகலை புது வீட்டுக்குக் குடிபோனாரல்லவா, நாங்களும் போயிருந்தோம். கூடத்துச் சுவரில் கதவு உயரத்துக்கு ஒரு பழைய படம். அவருடைய தாத்தாவாம். கறுப்புக் கோட்டு, கடிகாரச் சங்கிலி, பளபளக்கும் பூட்ஸ். பெரிய இடத்துப் பரம்பரை போலிருக்கிறதே என்று வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்க்க, சகலை மறுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். என் மனைவி, தன் தங்கை புருஷனைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். காலமெல்லாம் ஊராருக்குக் கோட்டு தைக்கிற டெய்லர் நான், எனக்குப் பொறுக்குமா? நாற்காலி போட்டு ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன். தோள் தொங்குது, கை விரலை மூடுது, அக்குளுக்குக் கீழே ஊசி குத்தின மடிப்புத் தெரியுது. இறங்காமலேயே சொன்னேன்: "இது தாத்தாவுக்குத் தைச்ச கோட்டு இல்லீங்க. ஸ்டூடியோக்காரன் வர்றவங்களுக்கெல்லாம் மாட்டிவிடுற கோட்டு."

சகலை முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அது நிலைக்கவில்லை அண்ணா. சகலையின் அம்மா நிதானமாகச் சொன்னார்கள்: "ஆமா தம்பி. என் மாமனார் அந்த ஸ்டூடியோவுக்குத் தண்ணி சுமந்தவர். ஒரு நாளாவது பெரிய மனுஷன் மாதிரி நிக்கணும்னு ஆசைப்பட்டார். பூட்ஸும் ஸ்டூடியோவோடதுதான். கால் கடிக்கக் கடிக்க நின்னாராம்."

அவ்வளவுதான். தண்ணீர் சுமந்தவர் பேரன் மாடி வீடு கட்டிட்டான்னு சிலர் கண்ணைத் துடைச்சாங்க, சிலர் சகலை கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இருந்த மதிப்பு இரண்டு மடங்காச்சு. நான் நாற்காலி மேலேயே நிக்கிறேன், இறங்குன்னு சொல்லக்கூட ஆளில்லை. நம்ம தாத்தா சொந்தக் கோட்டில் எடுத்த படம் உங்ககிட்ட இருக்கே, தயவுசெய்து அதை இங்கே அனுப்பிடாதீங்க. அப்பேர்ப்பட்டவர் பேரனா தையல் மிஷின் மிதிக்கிறான்னு கேட்பாங்க. இனி அந்தச் சகலைக்கு ஒரு பித்தான்கூடத் தைத்துத் தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியின்றி, யாரைப் பார்த்தும் வயிறெரியாமல் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் சகலை கடைக்கு வந்துவிட்டார். அவர் குடும்பத்தில் சொந்தக் கோட்டில் யாருமே படம் எடுத்ததில்லையாம். "நீங்க தைச்சுக் கொடுத்தா எடுத்துக்கறேன்" என்றார். தைத்துவிட்டேன். இன்று போட்டுப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. மனுஷன் ராஜா மாதிரி நிற்கிறார் அண்ணா. இந்தப் பாழாய்ப்போன கைக்குக் கொஞ்சம் மோசமாகத் தைக்கத் தெரிந்திருக்கக் கூடாதா?