ஆறு, அவுக, எட்டு

வெண்மூட்டம் என்று ஒரு நாடு. அது எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்; தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், எனக்கும் வீடு வாசல் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் அங்கே பனிமூட்டம்தான். கையை நீட்டினால் முழங்கை வரை தெரியும், விரல் தெரியாது. வெயில் எட்டிப் பார்த்தால் சம்பந்தி வந்ததுபோல் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும்.

முகம் பார்த்து ஆளை அறிகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அங்கே மனிதர்களும் அப்படித்தான் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கிறுக்கு உண்டு. கொல்லன் பூவலிங்கம் நடந்தால் நாக்கைச் சொடுக்கிக்கொண்டே நடப்பான். சடைச்சி ஒரு பாட்டின் முதல் பாதியை மட்டும் பாடுவாள், மறுபாதி அவளுக்கே தெரியாது. மாசாணம், யாரும் ஒன்றும் பேசாதபோதே "அப்புறம்?" என்பார். பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் கிறுக்கு பிடிபடவில்லை என்றால் பெற்றவளுக்குச் சோறு இறங்காது. பிடிபட்ட அன்று தெருவுக்கே பாயசம்.

இதற்குக் காரணம் இருந்தது. மூட்டத்துக்குள் 'அது' இருந்தது. அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அதற்கு ஊரே சேர்ந்து போடுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, அதே சத்தத்தோடு ஆள்போல உள்ளே வரத் தெரியும். தனி ஒருத்தர் கிறுக்கைப் பிடிக்க மட்டும் தெரியாது. இதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆகவே கோட்டை வாசலிலிருந்து காடு வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு தேங்காய்நார் வடம் கட்டியிருந்தார்கள். காளான் பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிற நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்த ஒரே வடத்தைப் பிடித்துக்கொண்டு, அவரவர் கிறுக்கோடு போய் வந்தார்கள்.

வாசலில் அஞ்சுகம் இருந்தாள். திரும்பி வருகிறவர்களைக் காதால் அறிந்து, ஆளுக்கொரு கூழாங்கல்லைப் பானையில் போடுவது அவள் வேலை. பத்துப் பத்தாக எண்ணுவாள். அவளுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. புருஷன் பெயர் ஏழுமலை. கட்டிய புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். அவள் அதற்கும் ஒரு படி மேலே போய், எண்ணிக்கையில்கூட அந்த எண்ணைச் சொல்ல மாட்டாள். "அஞ்சு, ஆறு, அவுக, எட்டு" என்றுதான் எண்ணுவாள். ஊர் சிரிக்கும். ஏழுமலைக்கு அதைக் கேட்டாலே விக்கல் வரும். வாசல் நெருங்க நெருங்க விக்கிக்கொண்டே வருவார். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் அந்த விக்கல் நிற்கவில்லை, அவளும் அதற்குத் தண்ணீர் கொடுத்ததில்லை.

கடைசி ஆள் உள்ளே வந்து கதவைத் தாழிட்டதும் அஞ்சுகம் "எல்லாரும் வந்தாச்சு!" என்று கத்துவாள். உடனே ஊர் முழுக்க ஒரே மூச்சில் "ஓ" என்று குரல் எழுப்பும். கதவு திறந்திருக்கும்போது மட்டும் அந்த ஓசையை யாரும் எழுப்பக் கூடாது. அந்த நாட்டில் இருந்த ஒரே சட்டம் அது.

வினை எங்கே பிடித்தது என்றால், அந்த "ஓ" மலைமேல் அரண்மனையில் இருந்த மாமன்னர் ஒருமைவர்மருக்குப் பிடித்துப்போயிற்று. அவர் கீழே இறங்கி வந்ததே இல்லை. கண்ணாடிச் சாளரங்களை அடைத்து வளர்க்கப்பட்டவர். பகலெல்லாம் கேட்கிற சொடுக்கும் பாட்டும் விக்கலும் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. மாலையில் அந்த "ஓ" மட்டும் எட்டும்.

"ஆகா, என்ன ஒற்றுமை!" என்று கண் கலங்கினார் மன்னர். "இது ஏன் நாளெல்லாம் ஒலிக்கக் கூடாது?"

"ஒலிக்கலாமே" என்றார் பேரமைச்சர் ஆமோதனார். அவருக்கு எதையும் சொல்லுமுன் மூக்குப்பொடி போட்டு மூன்று தும்மல் தும்ம வேண்டும். தும்மினார். முதல் ஆணை பிறந்தது.

"ஊரோடு ஒத்து வாழ் என்பது முன்னோர் வாக்கு. ஆதலால் இன்று முதல் சொடுக்கு, சீட்டி, அரைப்பாட்டு, விக்கல் முதலிய தனியோசைகள் யாவும் பிரிவினை எனக் கருதப்படும். குடிமக்கள் எங்கும் எப்போதும் 'ஓ' என்று மட்டுமே ஒலிக்கக் கடவர். அனைவரும் ஒரே சாம்பல்நிறக் கம்பளி போர்த்து, ஒரே நடை நடக்கக் கடவர். அரசுத் தும்மலுக்கு விலக்கு உண்டு."

பூவலிங்கம் நாக்கை அடக்கினான். சடைச்சி வாயில் துணி வைத்துக்கொண்டாள். அஞ்சுகத்தின் எண்ணிக்கையில் ஒரு சொல் தனிச்சொல்லாக இருக்கிறது என்று அரண்மனையிலிருந்து வந்த கண்காணிப்பாளர் ஒருவர் எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவள் வாய்திறக்காமல் எண்ணினாள். அவள் எண்ணாவிட்டாலும் வாசல் நெருங்கினாலே விக்கல் முட்டிக்கொண்டு வந்து ஏழுமலை மட்டும் தவித்தார்.

"வாய்க்குள்ள தண்ணிய ஒதுக்கி வச்சுக்கிட்டு நடக்கச் சொல்லுதாங்க, புள்ள. விக்கல எங்க போயி விடுறது?"

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கோங்க. இவங்க ஆட்டம் எத்தன நாளைக்கு?" என்றாள் அஞ்சுகம்.

அடுத்த ஆணை வடத்தைப் பற்றியது. "ஒன்றாக இருப்பவரை எதனோடு கட்டுவது? கயிறு இருக்கிறது என்றாலே இருவர் இருக்கிறார்கள் என்று பொருள்" என்று ஆமோதனார் விளக்கம் அளித்தார். வடத்தை வெட்டினார்கள். வாசல் தூணில் ஒரு சுருள் மட்டும் மிச்சம் தொங்கியது.

வடம் போன முதல் மாலை. மூட்டத்துக்குள்ளிருந்து "ஓ", "ஓ" என்று சாம்பல் கம்பளிகள் வந்தன. அஞ்சுகம் கல்லைப் போட்டாள். பானையைக் கொட்டி மறுபடி எண்ணினாள். மூன்றாம் தடவையும் எண்ணிவிட்டு அரண்மனைக்கு ஓடினாள்.

"ஐயா, போனது நானூத்திப் பன்னெண்டு. வந்தது நானூத்திப் பதிமூணு."

ஆமோதனார் பொடி போட்டார், தும்மினார். "வளர்ச்சி!" என்றார்.

"அதுல ஒண்ணு நம்ம ஆளு இல்லைய்யா."

"எது என்று காட்டு பார்க்கலாம்."

"காட்ட முடியலையே, அதான் ஈரக்கொல நடுங்குது."

"அவர் எல்லோரையும் போலவே தோன்றுகிறார். எல்லோரையும் போலவே ஒலிக்கிறார். ஆணைக்கு அடங்கி நடக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரை நம் ஆள் இல்லை என்று ஐயுறும் நீ, நம் ஆள்தானா என்று நான் ஐயுறுகிறேன்."

அஞ்சுகம் வாசலுக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் எண்ணிக்கை நானூற்று முப்பது. அதற்கு அடுத்த வாரம் அறுநூறு. அரண்மனையில் வளர்ச்சி விழா நடந்தது. முன்மாதிரிக் குடிமக்கள் என்று பதினோரு பேருக்குப் பட்டம் கொடுத்தார்கள். பிசிறே இல்லாத "ஓ" அவர்களுடையது என்று பாராட்டுரை சொன்னது. பதினோரு பேர் கம்பளியும் எவ்வளவு நேரம் தீமூட்டிக் காய வைத்தாலும் காயவில்லை. அவர்கள் நின்ற பலகையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

கொடுமை என்னவென்றால், நிஜமான ஆட்கள் வராமல் போவதே ஊருக்குத் தெரியவில்லை. வடம் இல்லாமல் சதுப்பில் வழி தவறியவன் இடத்தில், மாலையானால் ஒரு கம்பளி வந்து உட்கார்ந்துகொண்டது. மாசாணத்தின் மனைவி தன் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்றாள். "ஒரு மாசமா 'அப்புறம்' கேக்கலையே, அக்கா!" என்று சொல்லிவிட்டு, ஏனோ அழுதாள்.

அஞ்சுகத்தின் வீட்டுக்கும் ஏழுமலை வந்தார். கம்பளியை இழுத்துப் போர்த்தியபடி மணையில் உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். வெகுநேரம் பிசைந்தும் தட்டில் சோறு குறையவில்லை.

"ஏங்க, விக்கல் நின்னுடுச்சா?"

"ஓ."

கைகாரர்தான், அடக்கிவிட்டார் என்று அவள் முதலில் நினைத்தாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் விடியலில் அவள் மணைக்கு எதிரே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் காதோரம் மெதுவாக எண்ணினாள். "அஞ்சு. ஆறு. அவுக. எட்டு."

கம்பளி அவள் பக்கம் திரும்பியது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. விக்கல் வரவில்லை. மணைக்குக் கீழே தண்ணீர் ஊறிப் பரவி அவள் காலைத் தொட்டது. அப்படியானால் அவர் மூன்று நாளாக வெளியில் இருக்கிறார். அவள் அலறவில்லை, அலறினால் அதையும் பிரிவினை என்பார்கள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இனி அந்த வீட்டுக்குள் தனியாகப் போவதில்லை என்று அங்கேயே கிடந்தாள்.

இந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. போட்டியிட்டவர் ஒருவர்தான், ஒற்றுமையான நாட்டில் இரண்டாவது ஆள் எதற்கு? "அரசனும் குடியும் ஒன்று. ஆகையால் ஒருவரையொருவர் கண்டால் 'நானே அரசன்' என்று சொல்லக் கடவர். வாக்கும் அதுவே" என்று ஆணை வந்தது. ஒரு வாரம் ஊர் முழுக்க அதே பேச்சாயிற்று. வெளியே மூட்டமும் பழகிக்கொண்டது.

வாக்களிப்பு கோட்டைக்கு வெளியே பொட்டலில். ஒவ்வொருவராக "நானே அரசன்" என்று சொல்லி வாசலுக்குள் நுழைய வேண்டும், அஞ்சுகம் கல் போட வேண்டும். மன்னரே அன்று முதன்முறையாகக் கீழே இறங்கினார். சாம்பல் கம்பளி போர்த்து, வெறுங்காலோடு, குடிகளில் ஒருவராக நின்று வாக்களிப்பதாக அறிவித்துவிட்டு மூட்டத்துக்குள் போனார். ஆமோதனார் கண்ணீர் துடைத்தார்.

"நானே அரசன்." கல். "நானே அரசன்." கல். பானை நிறைந்து இன்னொரு பானை வந்தது. ஆயிரத்தைத் தாண்டியும் வரிசை முடியவில்லை. நுழைந்த ஒவ்வொரு கம்பளியிலிருந்தும் சொட்டியது. ஏழுமலை போய் அன்றோடு பன்னிரண்டு நாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாசமாய்ப் போகட்டும் என்று எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு! அஞ்சு! ஆறு! அவுக! எட்டு!"

"நிறுத்து, பெண்ணே! இது தேசத்துரோகம்!" என்று ஆமோதனார் குதித்தார்.

"அவுக! அவுக! அவுக!" என்று கத்தினாள் அஞ்சுகம்.

பொட்டல் அமைதியாயிற்று. இடப்பக்கம், சதுப்பு இருக்கும் திசையில், ரொம்பத் தூரத்தில் யாரோ விக்கினார்கள்.

அவள் தூணில் கிடந்த வடச்சுருளை அவிழ்த்து ஒரு முனையை வாசலில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். கம்பளிகளுக்கு நடுவே எண்ணிக்கொண்டே போனாள். சில கம்பளிகள் தொட்டால் சூடாக இருந்தன, பல ஐஸ் மாதிரி இருந்தன. வடம் தீர்ந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணினாள். விக்கல் பக்கத்தில் வந்தது. சேறு அப்பிய ஒரு கை வடத்தைப் பிடித்தது.

"நாலாப் பக்கமும் 'ஓ'ங்குதுக, புள்ள. வாசல் எந்தப் பக்கம்னே தெரியல. காளானத் தின்னுக்கிட்டுத் திட்டுல கெடந்தேன்." சொல்வதற்குள் நான்கு விக்கல். அவள் அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதாள்.

பிறகு திரும்பி நின்று குரல் கொடுத்தாள். "ஏ, இன்னும் உசுரோட இருக்கவுக எல்லாரும் வடத்தப் பிடிங்க! அவங்கவங்க கிறுக்க எடுத்து வுடுங்க! கிறுக்கு இல்லாம எவனும் உள்ள வர முடியாது!"

முதலில் ஒரு சொடுக்கு கேட்டது. அப்புறம் அரைப்பாட்டு. ஒருவர் பின் ஒருவராக வடத்தில் கனம் ஏறியது. வாசலில் அவள் மறுபடி எண்ணினாள். நாக்குச் சொடுக்கியவன், சீட்டியடித்தவன், கால்மூட்டோடு சண்டை போடுகிறவன் எல்லோரும் வந்தார்கள். ஆமோதனார் மூன்று தும்மல் தும்மிவிட்டு உள்ளே பாய்ந்தார். அவரைச் சேர்க்காமல், நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்று எண்பத்தெட்டு. மாசாணத்தின் மனைவி வெகுநேரம் வாசலில் நின்றாள். "அப்புறம்?" வரவே இல்லை. கதவைத் தாழிட்டார்கள். ஊர் "ஓ" என்றது. அதில் இருபத்துநாலு குரல் அளவுக்கு ஓட்டை இருந்தது.

வீட்டில் மணைமேல் இன்னும் அது உட்கார்ந்திருந்தது. ஏழுமலை எதிரே நின்று விக்கினார். அது அவரைப் போல வாயைத் திறந்து பார்த்தது, நெஞ்சைத் தூக்கிப் பார்த்தது. வரவில்லை. எழுந்து சுவரோரமாக நடந்து, வெளியே மூட்டத்தில் கரைந்து போயிற்று. தெருத் தெருவாக மற்ற வீடுகளிலும் அப்படியே. ஊருக்குள் அதுகள் எதுவும் மிஞ்சவில்லை.

ஆமோதனார் மூச்சிரைக்க அரண்மனைக்கு ஏறினார், மன்னரை வெளியே விட்டுவிட்டோமே என்ற பதற்றத்தில். அரியணையில் சாம்பல் கம்பளி போர்த்தி மன்னர் உட்கார்ந்திருந்தார்.

"முன்னமே எழுந்தருளிவிட்டீர்களா, மாமன்னா!" என்று பெருமூச்சு விட்டார். "வாக்கு ஆயிரத்து எழுநூறு. வெற்றி. பழைய ஆணைகளைத் தொடரலாம் அல்லவா?"

"ஓ" என்றார் மன்னர்.

படியில் தண்ணீர் சொட்டியது. சேவகர்கள் துடைத்தார்கள். அமைச்சரவை இன்றுவரை ஒரு வித்தியாசமும் காணவில்லை. முன்பைவிட நிதானமாக இருக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். மலையிலிருந்து இப்போதும் ஆணைகள் வருகின்றன. கீழே அஞ்சுகம் அவற்றை வாங்கி அடுப்பு மூட்டுகிறாள்.

மாலையில் கதவைத் தாழிட்ட பிறகு வெளியே ஒரு குரல் வந்து கதவைத் தட்டுகிறது. "நானே அரசன்! உண்மையாகவே நானே அரசன்! திற!" உடனே மூட்டம் முழுக்க, ஆயிரக்கணக்கில், "நானே அரசன், நானே அரசன்" என்கிறது.

அதில் ஒன்று நிஜமாக இருக்கலாம் என்பது அஞ்சுகத்துக்குத் தெரியும். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. கதவில் காதை வைத்துத் தினமும் கேட்கிறாள்.

"சரி ராசா. ஒங்க கிறுக்கு என்ன?"

வெளியே யாரோ யோசிக்கிறார்கள். வெகுநேரம் யோசிக்கிறார்கள். அவள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.