பன்னிரண்டு பெட்டியும் ஒரு மூடியும்

எதையுமே முழுசாக முடிக்காமல் ஐம்பத்திரண்டு வயது வரை நிம்மதியாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தினமும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, பத்தடி தூரத்தில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவள் நான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டை நான் டைப் அடிப்பதால் எனக்குத் தெரியும். ஊருக்கு அவர் மீதி கம்பவுண்டர். காபி குடித்தால் டம்ளரில் இரண்டு வாய் மீதி வைப்பார். பேப்பர் படித்தால் கடைசிப் பக்கத்தை நாளைக்கு என்று மடித்து வைப்பார். முடி வெட்டிக்கொண்டு வந்தால் இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து அப்படியே இருக்கும். சினிமாவுக்குப் போனால் முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்பே எழுந்து வந்துவிடுவார். எந்தப் படத்திலும் கதாநாயகியின் கழுத்தில் தாலி ஏறியதா இல்லையா என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தில் மட்டும் ஒரு சொட்டு குறைக்க மாட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாவம்.

எங்களுடையது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா, ஒரு நர்ஸ், மீதி கம்பவுண்டர், டைப்பிஸ்டாக நான். அறுவை சிகிச்சை நடக்கும்போது கம்பவுண்டருக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. நோயாளியின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். அந்தக் கால முறையில் கண்ணை மட்டும்தான் மரத்துப்போக வைப்பார்கள். ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார். தலை ஒரு நூல் அசைந்தாலும் வினை. கம்பவுண்டர் பிடித்த தலை அசைந்ததே இல்லை. அவர் சொல்லும் கதை எப்படி முடியும் என்று காத்துக்கொண்டே ஆட்கள் அப்படியே கிடப்பார்கள். கதையை அவர் முடிக்க மாட்டார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் டாக்டரம்மாவுக்கு மலேசியாவிலிருந்து கடிதம் வந்தது. பினாங்குக்கு அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டம். டாக்டரம்மா பிறந்தது அங்கேதான். ஆறு வயதில் அப்பாவுடன் ஊர் திரும்பியவர். அவருடைய அம்மா கண் தெரியாமலே அங்கே இறந்துபோனவர். இப்போது அந்தத் தோட்டத்தில் எண்பது பேர் கண்ணில் புரை விழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் வந்து இலவசமாகச் செய்துகொடுப்பீர்களா என்று தோட்டத்து ஜனங்கள் கேட்டிருந்தார்கள். டாக்டரம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "டைப் அடிம்மா, வரோம்னு" என்றார். மூன்று மாத முகாம். டாக்டரம்மா, நர்ஸ், கம்பவுண்டர் மூவரும் மெட்ராஸிலிருந்து கப்பலில் போவது, நான் இங்கேயே இருந்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பிடித்தது சனி. சாமான் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு, பெட்டி கட்டும் பொறுப்பு மீதி கம்பவுண்டருக்கு.

"கம்பவுண்டரே, லிஸ்டுல கத்திரிக்கோல் பன்னெண்டு. பெட்டியில பதினொண்ணுதான் இருக்குது."

"ஒண்ணு அலமாரியில இருக்குதும்மா."

"அது இன்னாத்துக்கு அங்க?"

"எல்லாத்தையும் வாரிக்கினு போயிட்டா அலமாரி மொட்டையா நிக்காதா?"

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர் அவர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் தறியில் உட்கார, இவர் ஒருவர் மட்டும் மருந்து கலக்கப் போனார். ஆனால் தறி அவரை விடவில்லை. அவரே எனக்குப் பாடம் எடுத்தார்.

"சேலையை அறுத்து எடுக்கறப்ப தறியில ஓடற பாவு நூலை மொத்தமா உருவிடுவாங்களா? ஒரு முழம் தறியிலயே விட்டு வெப்பாங்க. புதுப் பாவு வந்தா அந்தப் பழைய நுனியில ஒவ்வொரு இழையா முறுக்கிச் சேர்த்துடலாம். மொத்தமா உருவிட்டீன்னு வெச்சுக்கோ, ஆயிரக்கணக்குல இழை, ஒவ்வொண்ணா முதல்லேருந்து கோத்துக்கினு கெடக்கணும். மொட்டைத் தறி இருக்கற வீட்டுல விளக்கேத்த மாட்டாங்கம்மா."

"இது தறி இல்லையே, மருந்து அலமாரி."

"திரும்பி வந்து வேலை செய்யணும்ல? அப்ப அதுவும் தறிதான்."

நான் விடுவேனா? பட்டியல் என்றால் எனக்கு உயிர். கட்டுத்துணி, பஞ்சு, சொட்டு மருந்து, ஊசி நூல் எதை எடுத்தாலும் டஜனுக்கு ஒன்று அலமாரியில் உட்கார்ந்திருந்தது. கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்த பட்டியலை மறுபடி மறுபடி அடித்தேன். கடைசியில் டாக்டரம்மாவிடம் போய்ப் புகார் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, "டஜனுக்கு ஒண்ணுதானே, விடும்மா. கடல் தாண்டிப் போற மனுஷன், மனசு நிம்மதியா இருக்கட்டும்" என்றார். வந்த எரிச்சலில் கம்பவுண்டரிடமே கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கற சாமானை இன்னா பண்ணுவீங்க?"

"அதுல பாதிம்மா."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் ஏற அம்மை ஊசி, காலரா ஊசி எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். கம்பவுண்டர் தயங்காமல் கையை நீட்டினார். பாதியில் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மொத்தத்தையும் ஏத்திடாதேம்மா, கொஞ்சம் வெய்யி" என்றார். நர்ஸ் அவர் கையைத் தட்டிவிட்டு, இருந்ததையெல்லாம் ஏற்றிவிட்டாள். மனிதர் அன்று முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தார்.

பெட்டிகள் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டும் டீத்தூள் வந்த பலகைப் பெட்டிகள். கம்பவுண்டரின் மச்சான் பட்டுச் சேலைக் கடை வைத்திருந்தார்; அவர் தானமாகக் கொடுத்தவை. ஒவ்வொரு பெட்டியின் நாலு பக்கமும் நீலச் சாயத்தில் கடையின் மயில் முத்திரை. அதைச் சுரண்டி எடுங்கள் என்று கம்பவுண்டரிடம் சொல்லியிருந்தேன். சுரண்டுகிற சத்தம் இரண்டு நாள் கேட்டது. நான் என் பங்குக்கு, பெரிய எழுத்தில் முகவரி அடித்து, ஒவ்வொரு பெட்டியின் மேல்பக்கத்திலும் பசை தடவி அழகாக ஒட்டினேன். கப்பலுக்கு மூன்று வாரம் முன்பே பன்னிரண்டு பெட்டிகளும் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகட்டும் என்று ரயில்வே பார்சல் கொட்டகைக்கு அனுப்பினேன். பாதியையாவது கையோடு ரயிலில் கொண்டுபோகலாம் என்று கம்பவுண்டர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கப்பல் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை மச்சான் வேர்த்து விறுவிறுத்து, கையில் ஒரு தந்தியோடு ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தார். கல்கத்தாவில் அவரிடம் கல்யாணச் சேலை வாங்குகிற வியாபாரி அனுப்பியது. 'சேலைகள் வந்தன. திருப்தி. ஐம்பது பெட்பான் எதற்கு?'

அந்த நாளில் கண் அறுவை சிகிச்சை ஆனவர்கள் நாள் கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். படுத்தபடியே காலைக்கடன் கழிக்கத்தான் அந்த ஐம்பது. கல்கத்தாவில் ஏதோ ஒரு கல்யாண வீட்டார் சேலை பார்க்க வந்து நின்ற இடத்தில் அவை வரிசையாக வெளியே வந்திருக்கின்றன.

"பெட்டி எப்பிடிய்யா கல்கத்தா போச்சு?" என்றார் டாக்டரம்மா.

"நம்ம கடைப் பெட்டி நாலு அதே கொட்டகையில இருந்துச்சும்மா. இதுலயும் மயில் இருந்துச்சாம். எல்லாம் ஒரே கடை சரக்குன்னு சேர்த்து ஏத்திட்டாங்க."

நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மூணு பக்கம் சுரண்டிட்டேன்மா" என்றார் மெதுவாக.

நாலாவது பக்கத்து மயிலை மீதி வைத்துவிட்டார்! என் வாழ்க்கையில் அன்றைக்குத் திட்டின மாதிரி நான் யாரையும் திட்டியதில்லை. அப்போது மச்சான் இன்னொன்றும் சொன்னார். கொட்டகையில் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதில் மேல்பக்கம் ஒட்டிய முகவரி யார் கண்ணுக்கும் தெரியவில்லையாம். பக்கத்தில் ஒட்டியிருந்தால் தெரிந்திருக்கும். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். "கல்கத்தாவுலேருந்து பெட்டி வர்றதுக்குள்ள கப்பல் போயிடும். எண்பது பேரு பேர் எழுதிக்கினு உக்காந்திருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "வரலைன்னு தந்தி கொடுக்கணும். அடிம்மா" என்றார். காகிதத்தைச் சொருகினேன். விரல் நகரவில்லை.

மீதி கம்பவுண்டர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார்.

டஜனுக்கு ஒன்று, டஜனுக்கு ஒன்று என்று நான் சண்டை போட்டுத் தோற்றது அத்தனையும் அங்கே இருந்தது. கத்திரிக்கோல், இடுக்கி, கத்தி, ஊசி நூல், சொட்டு மருந்து, பத்துப் பொட்டலம் பஞ்சு, கட்டுத்துணிச் சுருள்கள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். வைக்க வைக்க அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"முதல் இருபது நாளை இதை வெச்சே ஓட்டிடலாம். கல்கத்தாப் பெட்டி நேரா அடுத்த கப்பல்ல வரட்டும்" என்றார். கடைசியாக மேல்தட்டிலிருந்து பளபளவென்று ஒரு வட்ட மூடியை எடுத்தார். கருவிகளை நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் டிரம்மின் மூடி. எங்களிடம் இருந்ததே ஒரு டிரம்தான்.

"இதோட டிரம் எங்க?"

"கல்கத்தாவுலம்மா" என்றார் கம்பவுண்டர்.

அதுல பாதிம்மா என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸுக்கும் வந்தது. டாக்டரம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்த மூடியைத் தூக்கிக்கொண்டு நானும் கம்பவுண்டரும் தெருத்தெருவாகப் போனோம். கோயில் மடப்பள்ளித் தவலைக்குச் சின்னதாக இருந்தது. சாயப் பட்டறைக் கொப்பரைக்குப் பொருந்தியது. ஆனால் அதில் வேகவைத்தால் கத்தியெல்லாம் அரக்கு நிறத்தில் வெளியே வரும். கடைசியில் காபி கிளப் நாயுடுவின் பால் காய்ச்சும் பாத்திரத்தில் வைத்தோம். டக்கென்று உட்கார்ந்தது.

"ஏமய்யா, பாத்திரத்துக்கு மூடி தேடுவாங்க. மூடிக்குப் பாத்திரம் தேடற ஆளை இப்பத்தான்பா பாக்கறேன்" என்றார் நாயுடு. விஷயத்தைக் கேட்டதும் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் அவருடைய கிளப்பில் பால் ஓர் இட்லிக் குண்டானில் காய்ந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சு விட்டேன். புதன்கிழமை மதியம் டிரங்குப் பெட்டி நிறைந்தது, அலமாரி காலியாயிற்று. கம்பவுண்டர் அதன் முன்னால் போய் நின்றார்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் வர்ல" என்றார்.

டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தார், நர்ஸ் அதட்டிப் பார்த்தாள். "தலையை யாரு பிடிப்பாங்க?" என்று டாக்டரம்மா கேட்டதற்குக் காலி அலமாரியைக் காட்டினார். "பொழப்புல ஒரு தடவை கூட நான் இப்பிடி மொட்டையா விட்டுட்டுப் போனதில்லம்மா. திரும்பி வருவமான்னு பயமா இருக்குது" என்றார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் குழந்தை மாதிரி நின்றார். அதுவரை அவருடைய மீதியெல்லாம் எனக்குக் கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது. அதற்குள் இத்தனை பயம் இருந்தது எனக்குத் தெரியாது. முந்தின நாள் திட்டின ஒவ்வொரு வார்த்தையும் அப்போது என்னைக் குத்தியது.

நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஒரு கட்டுத்துணிச் சுருளை எடுத்து அலமாரியின் நடுத்தட்டில் வைத்தேன். மெஷினில் போய் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டிக்கான புதுப் பட்டியலில் கட்டுத்துணி பத்து என்றிருந்ததை அடித்துவிட்டு ஒன்பது என்று போட்டேன். மூன்று பிரதியிலும்.

"இதோ பாருங்க, மீதி இருக்குது. போயிட்டு வாங்க."

அவர் சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலமாரியைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"டைப்பம்மா, யாரையும் தொட விட்டுடாதே."

வெள்ளிக்கிழமை கப்பல் ஏறினார்கள். இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவின் கடிதம் வந்தது. முதல் நாள் கட்டுப் பிரித்த கிழவி ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, முதலில் கேட்ட கேள்வி, "தலையைப் பிடிச்சவர் எங்க? அந்தக் கதையில ராஜா திரும்பி வந்தானா?" என்பதாம். கல்கத்தாப் பெட்டிகளும் போய்ச் சேர, எண்பது பேருக்கும் முடிந்தது. எழுபத்தெட்டுப் பேருக்குப் பார்வை வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மூன்று மாத முகாம் முடிந்து மூவரும் நல்லபடியாகத் திரும்பினார்கள். மீதி கம்பவுண்டர் நாயுடுவின் பாத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக அலமாரிக்கு வந்தார். சாவியைக் கொடுத்தேன். சுருள் அதே இடத்தில் இருந்தது.

"மூணு மாசமா ஒருத்தரும் தொடலியாம்மா?"

"லிஸ்டுலயே இல்லாத சாமானை யாரு தொடுவாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். உட்கார்ந்து காபி வாங்கிக் குடித்தார். வழக்கம்போல இரண்டு வாய் மீதி. தினமும் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொட்டுகிறவள் நான். அன்றைக்குக் கொட்ட மனம் வரவில்லை. சாயங்காலம் வரை டம்ளர் மேஜையிலேயே இருந்தது.

இப்போதெல்லாம் நானும் காபியில் இரண்டு வாய் வைத்துவிடுகிறேன். வீட்டில் ஏன் என்று கேட்கிறார்கள். ஆறிப்போச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.