கடவாயார் லாரிக்குப் பின்வாங்கிய படலம்

வாழ்க கடவாயார்! பல் கட்டும் கூடத்தில் இருபதாண்டு மெழுகு உருக்கிய விரலினர், மயிரிழை இடைவெளியையும் கண்ணாலேயே அளக்கும் கூர்நோக்கினர், சக ஊழியர் சூட்டிய பட்டப்பெயரையே மணிமுடியாய்த் தரித்தவர், கிணுகிணுக்க மறுக்கும் மணியும் கீச்சிட மறக்காத பிரேக்கும் பூண்ட சைக்கிளின் மேல் எழுந்தருளிய அந்தக் காலையைப் பாடுகின்றோம்; செவி தாரீர்!

அவர் சுமந்த செல்வம் யாது? முன்கூடையில், பஞ்சணை விரித்த நீலப் பெட்டிக்குள், முத்தினும் வெளுத்த இருபத்தெட்டுப் பற்கள் பள்ளிகொண்டிருந்தன. அவற்றுக்குரிய வக்கீல், பத்தரை மணிக்கு நீதிமன்றத்தில் இடியென முழங்க வேண்டியவர், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைக் கைக்குட்டையால் மூடிக் காத்திருந்தார். மணியோ பத்தைக் கடந்துவிட்டது. நாற்சந்தியில் செவ்விளக்கு எரிய, காலூன்றி நின்ற வீரரின் சட்டைப்பையில் கைபேசி போர்முரசென அதிர்ந்தது.

“எங்கண்ணே இருக்கீங்க? வக்கீல் சார் என்னமோ கோவமாத் திட்டுறாரு, ஒண்ணும் புரியல. காத்து மட்டும்தான் வருது!” என்றாள் டாக்டரின் உதவியாளப் பெண்.

நிமிர்ந்து நோக்கினார் கடவாயார். முன்னே நின்றது கான்கிரீட் கலவை லாரி! மலை வயிறு சுழல, பத்துச் சக்கரப் பாதம் பதித்து, புகைப்பெருமூச்சு விட்டு, இடப்புறம் மஞ்சள் ஒற்றைக்கண் சிமிட்டி நின்றது அந்த இரும்பு அரக்கன். அவனுக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே, இரண்டடி அகலத்தில், மாயமோகினியென மயக்கியது ஒரு சந்து. அதற்கப்பால் வெறுமையான சாலை. அதற்கப்பால் வக்கீலின் வாய்.

அளந்தார் வீரர். கைப்பிடியின் அகலம் போக இருபுறமும் நான்கு விரல் மிஞ்சும். அச்சில் வார்த்தது போல் பொருந்தும். தொழில் தந்த செருக்கு நெஞ்சில் பொங்க, முன்சக்கரத்தை ஒரு சாண் உள்ளே செலுத்தினார்.

“போங்கண்ணே, போங்க! யானையே போகும், அவ்ளோ இடம் கிடக்கு!” என்று பின்னிருந்து சங்கநாதம் எழுப்பினாள் ஸ்கூட்டர் ஏறிய டீச்சர்.

அப்போதன்றோ அண்ணாந்து பார்த்தார்! லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் இல்லை. ஒரு துண்டு வானமும் ஒரு காக்கையும் இருந்தன. அவர் முகம் தமக்குத் தெரியவில்லையெனில் தம் முகமும் அவருக்குத் தெரியாது. மின்னலெனப் பாய்ந்தது ஞானம்: அந்தோ, திறந்த வாயில் அல்லவா அளவெடுத்தோம்! எந்த முட்டாள் வாயை மூடச் சொல்லாமல் பல்லைப் பொருத்துவான்? மனத்துக்குள் அந்த லாரியை இடப்பக்கம் திருப்பினார். முன்சக்கரம் விலகியே போயிற்று, ஆனால் பின்சக்கரங்களோ மேல்தாடை கீழ்த்தாடையில் இறங்குவது போல் நடைபாதை விளிம்பை நோக்கி இறங்கின. இடையில் கடவாயார்!

உலகப் போர்க்களங்கள் காணாத அருஞ்செயல் அடுத்து நிகழ்ந்தது. அவர் பின்வாங்கினார்! ஒற்றைக்காலால் தரையை உந்தி, பற்பெட்டியைக் கூடையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்து, வியர்வை ஆறாய்ப் பெருக, அங்குலம் அங்குலமாய்ப் பின்வாங்கினார். ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில் முட்டினார்.

“என்னண்ணே, சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியரா? எனக்கு ரெண்டாவது பீரியட் போயிரும்!”

“போனாப் போகட்டும்மா. அவரு கண்ணாடியில நாம இல்ல. அவருக்குத் தெரியுற மாதிரி பின்னாடி நில்லு.”

இவ்வீர முழக்கம் திசையெட்டும் எதிரொலிக்க, லாரியின் பின்னே, நடுப்பாதையில், கண்ணாடியில் ஓட்டுநரின் மீசை தென்படும் தொலைவில், குன்றென நின்றார். பத்து ஹாரன்கள் பழித்தன, அசைந்தாரில்லை.

பச்சை பூத்தது. அரக்கன் இடப்புறம் திரும்பினான். பின்சக்கரங்கள் மோகினிச் சந்தை முழுதாய் விழுங்கி, விளிம்பேறி, அங்கே நின்றிருந்த பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியை அப்பளமாய் நொறுக்கிச் சென்றன. டீச்சர் தொட்டியைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள்.

வெற்றித்திருமகன் மிதித்தார்! பேருந்துகளின் கதவோரம் விலக்கி, தண்ணீர் லாரியை முன்னே விட்டு, எட்டு நிமிடத் தாமதத்தைத் தழும்பெனத் தாங்கி, டாக்டரின் படியேறி, நீலப் பெட்டியை இரு கரத்தால் உயர்த்தி அளித்தார். வக்கீல் பற்களை அணிந்தார். கடித்தார். திறந்தார்.

மேல்வரிசை கொஞ்சம் குத்துகிறது, திரும்ப எடுத்துப்போய்த் தேய்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்.