பதினோராம் வரிசைச் சுவர்

இந்த முறை அவர் சுவரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

வெள்ளை பிளாஸ்டிக் பலகை, ஓரத்தில் ஒரு திருகாணி, கீழ்மூலையில் அவருடைய முழங்கை. அவ்வளவுதான் படம். கீழே கடிதம் ஆரம்பித்தது: "நான் கேட்டது ஜன்னல் இருக்கை. தாங்கள் கொடுத்த ஜன்னலை இத்துடன் இணைத்துள்ளேன். இதன் வழியாகத் தங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எனக்கும் சொல்லவும்."

புகார்ப் பிரிவின் மூன்றாவது மேஜைக்காரி அந்தப் படத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஒரு ஆளின் வாயைப் பொத்துவது போல இருந்தது.

"நாலாவது லெட்டரா?" என்று கேட்டாள் தபால் அக்கா. வரும் உறைகளை எல்லாம் கிழித்து, எண் போட்டு, மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை.

"நாலாவது."

"கையெழுத்து என்னமோ முத்து முத்தா இருக்கும்மா."

"முத்து முத்தா எழுதித்தான் என் உயிரை எடுக்கிறார்."

உயிர் என்று அவள் சொன்னது பெரிய மிகை இல்லை. பிரிவுத் தலைவரின் இழுப்பறையில் அவளுடைய மாற்றல் உத்தரவு இருந்தது. கணவனும் ஆறு வயது மகளும் இருக்கும் ஊருக்கு. இங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். மூன்று வருடங்களாக இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் அவள் அம்மாவாக இருந்தாள். உத்தரவு வந்துவிட்டது, ஆனால் அலுவலக விதி ஒன்று உண்டு: ஒருவர் மேஜையில் தீராத புகார் ஒன்றாவது இருந்தால் அவரை மாற்ற முடியாது. மாதக் கடைசிக்குள் தீராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் மேஜையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது இந்தச் சுவர்.

சுவரின் கதை எளிமையானது. பக்கத்து ஊர்களுக்குப் பறக்கும் சின்ன விமானங்களில் இருந்த பழைய தடித்த இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கம்பெனி தட்டையான புது இருக்கைகளைப் போட ஆரம்பித்தது. மெத்தை பாதியானது, சாய்மானம் போனது, இருபத்தொன்பது வரிசை முப்பதானது. அந்த முப்பதாவது வரிசை ஆகாயத்திலிருந்து வரவில்லை. மற்ற இருபத்தொன்பது வரிசைக்காரர்களின் முழங்காலிலிருந்து வந்தது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்ததில், பதினோராம் வரிசை இடது ஓரம், குளிர்காற்றுக் குழாய் மேலே ஏறும் இடத்துக்கு நேராக வந்து நின்றது. அங்கே ஜன்னல் கிடையாது. முன்பு அந்தச் சுவர் இரண்டு வரிசைக்கு நடுவில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இப்போது திங்கட்கிழமைதோறும் ஒரு மனிதர் அதைப் பார்த்துக்கொண்டு பறந்தார்.

கோபத்தில் அவள் ஒரே மதியத்தில் இரண்டு காரியம் செய்தாள். ஜன்னல்காரரை இனி எல்லாத் திங்கட்கிழமையும் பன்னிரண்டாம் வரிசைக்கு மாற்றினாள். அதோடு நிற்காமல், விமானக் கொட்டகைக்கு ஒரு சூடான கடிதம் அனுப்பினாள்: "வரும் திங்களுக்குள் பதினோராம் வரிசைக்கு ஜன்னல் இருந்தாக வேண்டும்."

செவ்வாய்க்கிழமை ஐந்தாவது கடிதம் வந்தது. உள்ளே அதே சுவர், அதே திருகாணி. "பன்னிரண்டாம் வரிசைக்கு மாற்றியமைக்கு நன்றி. சுவரையும் கூடவே மாற்றி அனுப்பிய அக்கறைக்கு இன்னும் நன்றி."

அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்கே நடந்தாள்.

விமானம் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. தலைமை மெக்கானிக் படிக்கட்டில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அளவு நாடாவை இடுப்பில் செருகாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கொட்டகையில் அவர் பெயர் அங்குலம்.

"பதினொண்ணுக்கு ஜன்னல் கேட்டேனே," என்றாள்.

"கொடுத்தாச்சே மேடம்."

"எங்க கொடுத்தீங்க?"

அவர் எழுந்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். தலைக்கு மேலே வரிசை எண்கள் பளிச்சென்று ஒட்டியிருந்தன. ஒன்பது. பத்து. பன்னிரண்டு. பதினொன்று. பதின்மூன்று.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"நம்பரை மாத்தி ஒட்டியிருக்கீங்க."

"நீங்க எழுதினது என்ன? பதினோராம் வரிசைக்கு ஜன்னல். இப்ப பதினோராம் வரிசைக்கு ஜன்னல் இருக்குதா இல்லையா?"

"பத்துக்கு அடுத்து பன்னிரண்டு வருதே, ஏறுறவங்களுக்குப் பைத்தியம் பிடிக்காதா?"

"பிடிச்சுது. அதுல ஒருத்தர் என்னையே திட்டினார். நான் என்ன பண்றது, லெட்டர்ல கையெழுத்து உங்களோடது."

அவளுக்குக் காதுமடல் கொதித்தது. "ஸ்டிக்கரை விடுங்க. சீட்டை நகர்த்துங்க."

"நகர்த்தலாம். தரையில தண்டவாளம் இருக்கு, ஒவ்வொரு அங்குலமாத்தான் நகரும். அஞ்சு அங்குலம் முன்னால போனா பதினொண்ணுக்குப் பாதி ஜன்னல் கிடைக்கும்."

"போங்க."

"போனா முட்டி போயிடும்."

"யார் முட்டி?"

"ஜன்னல் கேட்கிறவர் முட்டிதான்."

அவள் நடைபாதையில் நின்று முன்வரிசைகளைப் பார்த்தாள். பத்து வரிசை, காலியாக, ஒன்றும் பேசாமல், தலை குனிந்த பிள்ளைகள் போல இருந்தன. பிறகு வீட்டில் எப்போதும் அவசரத்தில் அவள் எடுக்கும் குரலில் சொன்னாள்: "அஞ்சையும் அவர்கிட்டயே எடுக்காதீங்க. முன்னால பத்து வரிசை இருக்குல்ல. ஒண்ணு விட்டு ஒண்ணுல ஒரு அங்குலம் எடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அங்குலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மேலிடத்துலயும் இதையேதான் சொன்னாங்க மேடம்," என்றார்.

எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த செவ்வாய் தபால் அக்கா ஒரு கடிதமாகக் கொண்டுவரவில்லை, கட்டாகக் கொண்டுவந்தாள். முதல் வரிசையில் ஒருவருக்கு முன் தடுப்பில் முட்டி இடித்து நீலம் பாய்ந்திருந்தது. மூன்றாம் வரிசைப் பெண்ணின் கைப்பை காலடியில் நுழையவில்லை. ஏழாம் வரிசையில் ஒருவர் ஒரு மணி நேரமும் கால்களை நடைபாதையில் வைத்திருந்து, தண்ணீர் வண்டி இரண்டு முறை ஏறிவிட்டது. மொத்தம் பதினொரு புகார். பதினொன்றும் அவள் மேஜைக்கு.

பன்னிரண்டாவதாக முத்து முத்தான கையெழுத்து. "பாதி ஜன்னல் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் தன் முட்டியின் வரலாற்றைப் பயணம் முடியும் வரை திரும்பித் திரும்பி என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு மேகத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை."

சாயங்காலம் கணவன் போன் செய்தான்.

"ஆச்சா?"

"ஒண்ணு பன்னிரண்டு ஆச்சு."

"தீர்ந்தது பன்னிரண்டா?"

"தீராதது."

அந்தப் பக்கத்தில் மகளின் குரல் கேட்டது: "அம்மா எப்ப வருவாங்கன்னு கேளுப்பா. ஸ்கூல்ல படம் வரையச் சொன்னாங்க. அம்மாவை எந்த வீட்டுல வரையணும்?"

அவள் போனை வைத்தபோது அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. மறுநாள் காலை பிரிவுத் தலைவரின் அறைக் கதவை அவள் தட்டாமலே திறந்தாள்.

பிரிவுத் தலைவர் உயரமும் அகலமும் ஒருசேரக் கொடுக்கப்பட்ட மனிதர். அவர் நாற்காலிக்கு மட்டும் தனியாகப் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"சார், அந்த முப்பதாவது வரிசையை எடுக்கணும்."

"எதுக்கு?"

"அதை வெச்சதாலதான் எல்லாமே."

"ஏம்மா, ஒரு அங்குலத்துக்கு யாராவது செத்துப்போவாங்களா? ஒரு மணி நேரப் பயணம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாலே ஊர் வந்துடும்."

"நீங்க உட்கார்ந்திருக்கீங்களா சார்?"

"நான் எதுக்கு உட்காரணும்? எனக்கு முன்சீட்டு கொடுப்பாங்க."

"இன்னைக்கு ஒரு தடவை வந்து பாருங்க சார். அஞ்சே நிமிஷம். பார்த்துட்டு, ஒண்ணுமில்லைன்னு நீங்களே பதில் எழுதிக் கொடுங்க. பன்னிரண்டு பேருக்கும் அதையே அனுப்பிடுறேன்."

தன் கையால் பதில் எழுதுவது அவருக்குப் பிடித்த விஷயம். வந்தார்.

ஐந்தாம் வரிசையில், ஒரு அங்குலம் பறிபோன இருக்கையில், அவர் முதலில் பக்கவாட்டில் நுழைந்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்துத் திரும்பினார். பிறகு உட்கார்ந்தார். முன்னிருக்கையின் முதுகு அவர் முட்டிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

"ஒண்ணுமில்லையே," என்றார், சற்றுச் சின்னக் குரலில்.

"சாப்பாட்டுத் தட்டையும் இறக்கிப் பாருங்க சார்," என்றாள் அவள்.

இறக்கினார். அது வயிற்றின் மேல் வந்து படுத்து, வயிற்றுக்குள் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. அவர் அதை மேலே தள்ளினார். வரவில்லை. எழப் பார்த்தார். முட்டி விடவில்லை. அவருக்கு ஒரு நொடி உண்மை புரிந்தது, அடுத்த நொடி கோபம் வந்தது.

"யோவ், இதைக் கழட்டுயா."

அங்குலம் குனிந்து பார்த்தார், நாடாவை எடுத்து அளந்தார், நாடாவை மறுபடி இடுப்பில் செருகினார். "முன்சீட்டைக் கழட்டினாத்தான் நீங்க வெளிய வரலாம் சார். டூல் பெட்டிக்குச் சாவி எடுக்கணும். ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருக்கார்."

"எப்ப வருவார்?"

"சாப்பிட்டுட்டு வருவார்."

அவள் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை மனதில் எண்ணிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அந்தத் தட்டின் மேல், அவர் வயிற்றுக்கு முன்னால், நேராக வைத்தாள். அதன் மேல் பேனாவை வைத்தாள்.

"என்ன இது?"

"சோதனை முறையில முப்பதாவது வரிசையை எடுக்கிறதுக்கான உத்தரவு சார். இந்த ஒரு விமானத்துக்கு மட்டும்."

"இங்கேயா கையெழுத்து கேட்பே?"

"எழுத நல்ல மேஜை மாதிரி இருக்கு சார்."

"நான் போடலைன்னா?"

"அவசரமே இல்லை சார். ஒரு மணி நேரப் பயணம்தானே."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் கருகியிருப்பார்கள். அவள் கருகுவதற்கு மிச்சம் ஏதும் இல்லாத நிலையில் நின்றாள். எட்டு நிமிடம் ஆனது. ஒன்பதாவது நிமிடத்தில் அவருக்குக் கால் மரத்துப்போயிற்று. கையெழுத்துப் போட்டார்.

"இப்ப சாவி கிடைக்குமா?" என்றார்.

அங்குலம் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "அட, என்கிட்டயேதான் இருக்கு," என்றார்.

வரிசை போனது. இருக்கைகள் பழைய இடத்துக்கு நகர்ந்தன, எண்கள் ஒழுங்காயின, சுவர் மறுபடியும் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே போய் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. பதினொரு பேருக்கு அவள் பதில் எழுதினாள். பதினொரு பேரும் அமைதியானார்கள். ஜன்னல்காரருக்கு மட்டும், எவ்வளவோ திட்டிய மனதுக்குப் பரிகாரமாக, இரண்டு வரி கூடுதலாக எழுதினாள்: "தங்களுடையதுதான் என் மேஜையின் கடைசிப் புகார். வெள்ளிக்கிழமையோடு நான் என் குடும்பம் இருக்கும் ஊருக்கு மாற்றலாகிப் போகிறேன். இனி தங்கள் குறைகளை என் சக ஊழியர் இதே அக்கறையோடு கவனிப்பார்."

திங்கட்கிழமை அவர் பறந்தார். செவ்வாய் கடிதம் வரவில்லை. புதன் வரவில்லை. புகார் தீர்ந்ததாகப் பதிவானது. பிரிவுத் தலைவர் உத்தரவை எடுத்து மேஜை மேல் தள்ளிவிட்டார், முகம் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை மாதத்தின் கடைசி நாள். மதியத்துக்குள் அவள் இழுப்பறையைக் காலி செய்து, ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிவிட்டாள். கணவன் போனில் சிரித்தான். "உன் பொண்ணு காலையிலேருந்து வாசல்லயே நிக்கிறா. செருப்பைக் கூடக் கழட்ட மாட்டேங்கிறா."

"ஆறு மணி விமானம். சொல்லு."

தபால் அக்கா ஒரு உறையோடு வந்தாள். முத்து முத்தான கையெழுத்து. உறை ஏற்கெனவே பிரிந்திருந்தது. முதல் பக்கத்தை நின்றபடியே படித்தாள்.

"இருபது வருடமாகப் பறக்கிறேன். எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். அச்சடித்த மன்னிப்புத்தான் வரும். முதல்முறையாக ஒருவர் என் பேச்சைக் கேட்டு ஒரு விமானத்தையே நகர்த்தியிருக்கிறார். நேற்று முன்தினம் ஒரு ஆறு கடலில் சேருமிடத்தை மேலிருந்து பார்த்தேன். முட்டியும் இடிக்கவில்லை."

ஒரு மாதத்தில் முதல்முறையாக அவள் முகம் இளகியது. ஆள் அவ்வளவு மோசமில்லை என்று பட்டது. கடிதத்தை மடித்து அக்காவிடம் நீட்டினாள்.

"பாராட்டுதான் அக்கா. ஃபைல்ல போட்டுடுங்க."

அக்கா கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"பின்பக்கத்தைப் படிக்கலையாம்மா? உன்னை இந்த ஆபீஸை விட்டு மாத்தக் கூடாதுன்னு புகார் கொடுத்திருக்கார், காலையிலயே நம்பர் போட்டு உன் மேஜையில பதிஞ்சுட்டேன்."